கிடைத்த திகதி

அத்தியாயம் பதினான்கு

கல்லாற்றிலிருந்து ஒரு வாசகி கோபத்தோடு எழுதியிருக்கிறார். "மேனுகாவின் தாய் வாசல் கடப்படியில் வந்து நின்று அவ்வளவு கேட்டும் புஸ்பம் ஏன் ஒரு சொல் பேசவில்லை? அவள் என்ன ஊமையா?"

ஊமை இல்லை, தங்கச்சி. குற்றம் சாட்டப்பட்டவன் கூடப்பிறந்த அண்ணனின் மகன். அவனுக்குத்தான் தன் ஒரே மகளை ஏப்ரலில் எழுத்து முடித்துக் கொடுத்திருக்கிறாள். பதிவாளர் முன்னால் கையெழுத்தும் வைத்தாகிவிட்டது, தாலி மட்டும் ஆவணியில். முறைப்பாட்டை மூடி மறைத்தார் என்று அந்தத் தாய் விரல் நீட்டியதோ புஸ்பத்தின் புருசனை. அப்படியொரு கடப்படியில் நீங்களும் நானும் எவ்வளவு பேசியிருப்போம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கண்ணாத்தீவு விடிவெள்ளி விளையாட்டுக் கழகத்தின் பத்தாம் இலக்கம் லக்ஷன். கோல் போடுகிறவன் அவன்தான். பெண் பிள்ளைகளின் அணிக்குப் பயிற்சி கொடுத்தவனும் அவன்தான். அந்த அணியில் விளையாடிய மேனுகாவுக்குப் பதினாறு வயது. உடுப்பு மாற்றும் அறையில் அவன் தன்னிடம் தகாத முறையில் நடந்தான் என்று போன மாதம் பொலிஸில் சொன்னாள். நீதிமன்றம் அவனைப் பிணையில் விட்டிருக்கிறது.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. அவனை விளையாட விடலாமா என்று கழக நிர்வாகம் கூடியது. ஏழு கை விடலாம் என்றது, நாலு கை கூடாது என்றது. அந்த ஏழு கையையும் தூக்க வைத்தது செயலாளர் நல்லரத்தினம் சொன்ன ஒரே வசனம்.

"கழகத்துக்கு எழுத்தில ஒரு முறைப்பாடும் வரல்ல."

நல்லரத்தினம்தான் புஸ்பத்தின் புருசன். மேனுகாவின் தாய் கடப்படியில் நின்று சொன்னது இதற்கு நேர் எதிர். "மார்ச் மாசமே என்ட பிள்ள எழுதின கடிதத்த உங்கட அவர்ட கையில குடுத்தநான். நான் பொய் சொல்லல்லகா."

இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். ஞாயிறு விடிந்தபோது புஸ்பத்தின் தலைக்குள் இதைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை.

*

காலை ஏழு மணிக்கே அயன் பெட்டியைச் சூடாக்கிவிட்டாள். பத்தொன்பது வருடமாக விடிவெள்ளியின் ஜேர்சி எல்லாம் இந்த வீட்டில்தான் துவைபடும், இந்த வீட்டில்தான் அயன் படும். செயலாளர் மனைவிக்குச் சம்பளமில்லாத உத்தியோகம்.

ஜேர்சி எடுக்க உடுப்புப் பெட்டியைத் திறந்தபோது அடியில் இருந்த சின்ன ஜேர்சிகள் கையில் பட்டன. பெண் பிள்ளைகளுடையவை. ஏப்ரல் மாதம் "மைதானம் திருத்தவேணும்" என்று பிள்ளைகளின் பயிற்சியை நிறுத்தினார்கள். மைதானத்தில் ஒரு புல்லைக்கூட ஒருவரும் பிடுங்கவில்லை. பெரிய பொடியன்கள் அடுத்த நாளே வழமைபோல விளையாடினார்கள். அன்றைக்கு அது புஸ்பத்துக்குப் பெரிதாகப் படவில்லை. இன்றைக்குப் பட்டது.

"நான் கிறவுண்டுக்குப் போறன். கோடு போடோணும்." நல்லரத்தினம் சுண்ணாம்புப் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றார். "சாமி அறைக்குள்ள டின் இருக்கு. ஒருத்தரும் தொடாதீங்க."

"ஆர் தொடப் போறா?"

"இல்ல, சொன்னன். தொடாதீங்க."

டின் என்றால் பழைய பிஸ்கட் டின். போட்டிக்கு முதல் நாள் விளையாட்டுக்காரர் எல்லோரும் தங்கள் அடையாள அட்டையை, இங்கே எல்லோரும் சொல்வதுபோல் ஐசியை, நல்லரத்தினத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஜேர்சி இலக்கப்படி அடுக்கி, டின்னில் போட்டு, இரவு சாமிப் படத்துக்கு முன்னால் வைப்பார். ஐசி இல்லாதவனை நடுவர் மைதானத்துக்குள் விடமாட்டார். போட்டி முடிந்தால் டின்னை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது கப்டன். கப்டன் வேறு யாருமில்லை, இவர்களின் மூத்த மகன் ஜெயந்தன்.

"தொடாதீங்க" என்று அவர் எல்லாப் போட்டிக்கும் சொல்வார். இரண்டு தரம் சொன்னது இன்றைக்குத்தான்.

நல்லரத்தினம் ஓய்வுபெற்ற உப தபாலதிபர். முப்பத்தொரு வருடத் தபால் வேலை மனிதரின் கையில் ஒரு பழக்கத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் வலது மூலையில் "கிடைத்தது" என்று எழுதி, திகதி போட்டு, ஒரு சின்னக் கையெழுத்து வைக்காமல் கீழே வைக்கமாட்டார். மின்சாரப் பட்டியல், கோயில் அறிவித்தல், கல்யாணக் கடிதம், எதுவானாலும் சரி. "நீங்க இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்த அண்டைக்கு என்ட நெத்தியிலயும் எழுதாம விட்டது பெரிய காரியம்" என்று புஸ்பம் சிரிப்பாள். அவரும் சிரிப்பார்.

இப்போது யோசித்தால், இரண்டு கிழமையாக அந்த மனிதர் சிரித்து அவள் காணவில்லை.

*

ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. லக்ஷன்.

"மாமி, நேத்து ஐசி தர மறந்து போனன். மாமா நிக்கிறாரா?"

"கிறவுண்டுக்குப் போயிட்டார் மகன். என்னட்டத் தா."

அவன் ஐசியை நீட்டினான். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, சவரம் செய்த முகம். இந்தப் பிள்ளையை மூன்று வயதில் இடுப்பில் வைத்துக்கொண்டு தேற்றாத்தீவுக்கு நேர்த்திக்கடனுக்குப் போனவள் புஸ்பம். அந்த முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

உள்ளேயிருந்து கம்சாயினி வந்தாள். பிரதேச செயலகத்தில் வேலை, அளந்து பேசுகிற பிள்ளை. பத்து நாளாக அவனுடைய அழைப்பு எதையும் அவள் எடுக்கவில்லை.

"என்னோட கதைக்கமாட்டியா கம்சா?"

"கதைக்கிறன். சொல்லுங்க மச்சான்."

"நீயும் நம்புறியா?"

"எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

புஸ்பம் ஐசியோடு சாமி அறைக்குள் போனாள். காது மட்டும் வெளியே நின்றது.

"அது பொய் புள்ள. ரீமுக்குக் கப்டன் ஆக்கல்ல எண்டு அவளுக்கு என்னில கோபம், காய்ச்சல். நீயே யோசிச்சுப் பாரு. ஒரு பிள்ளைக்கு உண்மையா அப்பிடி நடந்திருந்தா, 'என்னை ரீமில இருந்து எடுக்க வேணாம்' எண்டு அடியில கெஞ்சி எழுதுமா? அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்குமா?"

கம்சாயினி கேட்டாள். "எதில எழுதியிருக்கு?"

"எது?"

"எடுக்க வேணாம் எண்டு. எதில எழுதியிருக்கு?"

"பொலிஸில குடுத்ததிலதான்."

"பொலிஸில உங்களுக்கு அத வாசிச்சுக் காட்டினவங்களா?"

"இல்ல... கேள்விதான் கேட்டவங்க. அதில இருந்து விளங்குதுதானே." அவன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். "பின்னேரம் வா. கோல் போட்டா உன்னப் பாத்துத்தான் கை காட்டுவன்."

அவன் போனபிறகும் கம்சாயினி அந்த இடத்திலேயே நின்றாள். பொலிஸிடம் போய் "என்னை அணியில் இருந்து எடுக்காதீர்கள்" என்று யாராவது கேட்பார்களா? பொலிஸா அணி தெரிவு செய்கிறது? அப்படியொரு வசனத்தை ஒரு பிள்ளை எழுதுவதென்றால் கழகத்துக்குத்தான் எழுதும். கழகத்துக்கோ எழுத்தில் ஒன்றும் வரவில்லை என்று அப்பா சொல்கிறார். வராத கடிதத்தை மச்சான் எங்கே வாசித்தார்?

அதே நேரம் சாமி அறைக்குள் புஸ்பம் டின்னைத் திறந்திருந்தாள். தொடாதே என்று சொன்னவர் மீது கோபம் ஒரு பக்கம், ஐசியை வைக்க வேண்டிய தேவை மறுபக்கம். ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் வைக்கப் போனாள். அட்டைகள் நேராக உட்காரவில்லை. டின்னின் அடியில் விரித்திருந்த பத்திரிகைத் தாள் ஒரு பக்கம் மேடாக இருந்தது.

தாளைத் தூக்கினாள். கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள், நாலாக மடித்தது. மைப் பேனாவால் எழுதிய பிள்ளைக் கையெழுத்து.

"விளையாட்டுக் கழகச் செயலாளர் அவர்களுக்கு. லக்ஷன் அண்ணா எங்களுக்குப் பழக்க வேண்டாம். தை மாதம் மழை பெய்த அன்று உடுப்பு மாற்றும் அறையில் கதவைப் பூட்டினார். நான் வேண்டாம் என்று சொன்னேன், அழுதேன். அதற்குப் பிறகும் இரண்டு தரம் இப்படிச் செய்தார். சொன்னால் அணியில் இருந்து எடுப்பேன் என்று சொன்னார். எனக்கு விளையாட விருப்பம். தயவுசெய்து என்னை அணியில் இருந்து எடுக்க வேண்டாம். அவரை மட்டும் மாற்றுங்கள். இப்படிக்கு, மேனுகா."

வலது மூலையில் நீல மையில், புஸ்பம் முப்பது வருடமாகப் பார்த்துப் பழகிய அதே எழுத்து.

கிடைத்தது. 27.03. கையெழுத்து.

பாவி மனிதர். கிழித்துப் போட்டிருக்கலாம். அடுப்பில் வைத்திருக்கலாம். கடிதத்தை அழிக்க அவருடைய கை கூசியிருக்கிறது, பிள்ளையை அழவிட மட்டும் கூசவில்லை. புஸ்பத்துக்கு அழுகை வரவில்லை. சாமிப் படத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

கடிதத்தை இருந்தபடியே மடித்து வைத்து, பத்திரிகைத் தாளை மேலே சரிசெய்து, டின்னை மூடினாள். லக்ஷனின் ஐசி மட்டும் அவள் கையிலேயே இருந்தது.

*

ஒரு மணிக்கு நல்லரத்தினம் கையெல்லாம் சுண்ணாம்போடு வந்தார். மணலை மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். அவருக்குப் பிடித்தது. புஸ்பம் எதிரே உட்கார்ந்தாள்.

ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கேட்டுப் பார்ப்போம். ஓம் என்று ஒரு சொல் சொல்லட்டும், மற்றதை மறுகா பார்ப்போம்.

"அந்தப் பிள்ளைட தாய் கடிதம் தந்ததெண்டு சொல்றா."

"அவ சொல்லுவா."

"நீங்க வாங்கல்லயா?"

"எத்தின தரம் கேப்பாய் புஸ்பம்?" சோற்றைப் பிசைந்த கை நிற்கவில்லை. "ஒரு கடிதம் என்ட கைக்கு வந்தா நான் என்ன செய்வன் எண்டு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் புஸ்பம்.

அவர் தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்தார். பிறகு முள் எடுக்கத் தொடங்கினார்.

"இந்த ஒரு மெச் முடியட்டும். குருக்கள்மடத்தானோட பைனல். அவன் இல்லாட்டி நாங்க வெறுங்கைதான். மறுகா வழக்கக் கோட்டு பாக்கட்டும். நிரூபிக்காத குற்றத்துக்கு ஒருத்தன வெளியில இருத்தேலுமா? அதுவும் உன்ட அண்ணன்ட மகன். எங்கட பிள்ளைட வாழ்க்கையையும் யோசி."

"அதத்தான் யோசிக்கிறன்."

அவர் கை கழுவிவிட்டுக் கொஞ்சம் சரிந்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை. புஸ்பம் பின்பக்கம் போனாள். வளவின் மறுபாதியில் கம்சாயினிக்கென்று கட்டிய வீடு, பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. அதன் படியில் மகள் இருந்தாள்.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாய்க்கு மகள் மேல் சந்தேகம்: எழுத்து முடித்தவனை விட்டுக்கொடுப்பாளா? மகளுக்குத் தாய் மேல் சந்தேகம்: அண்ணன் மகனை விட்டுக்கொடுப்பாளா? ஒரு வீட்டுக்குள் இப்படியெல்லாம் நினைக்க வைத்துவிட்டார்கள் பாருங்கள்.

"அம்மா, அந்தப் பிள்ளைட கடிதம் உண்மையா இருக்கு" என்றாள் கம்சாயினி. "மச்சான் அத வாசிச்சிருக்கார். எங்கேயோ ஆரோ ஒளிச்சு வச்சிருக்கு. நீங்களும் தெரியாதெண்டு சொல்லப் போறீங்களா?"

புஸ்பம் உள்ளே போய் டின்னைக் கொண்டுவந்தாள்.

கம்சாயினி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் வலது மூலையில் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

"மார்ச் இருபத்தேழு."

"ஓம்."

"எனக்கு எழுத்து ஏப்ரல் பதினேழு."

"ஓம் மகள்."

"மூணு கிழமை, அம்மா. இத வாசிச்சுப்போட்டு மூணு கிழமைக்குப் பிறகு அப்பா எனக்குச் சாட்சிக் கையெழுத்து வச்சிருக்கார். எழுத்தண்டைக்கு என்ட தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணினவர்." அவளுடைய குரல் அங்கேதான் உடைந்தது. புஸ்பம் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தால் கம்சாயினி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மச்சான்ட ஐசி எங்க?"

புஸ்பம் தன் சின்னக் கைப்பையைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப அந்த இடத்தில இத வைங்க" என்று மகள் கடிதத்தை நீட்டினாள். "ஒன்பதுக்கும் பதினொண்டுக்கும் நடுவில."

*

நாலு மணி. வாவிக்கரை மைதானத்தில் கச்சான் காற்று சுண்ணாம்பைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி, ஐஸ்கிறீம் வண்டி, மோட்டார் சைக்கிள் வரிசை. முன் நாற்காலியில் கழகத் தலைவர் வினாயகமூர்த்தி, நெஞ்சில் பட்டி குத்தியபடி. லக்ஷனின் தகப்பன், புஸ்பத்தின் அண்ணன். தங்கச்சி மைதானத்துக்கு வந்ததைக் கண்டு அவர் புருவத்தைச் சுருக்கினார். பத்தொன்பது வருடத்தில் அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை.

நடுவர் ஏறாவூர் நௌஷாட். கறாரான மனிதர். மேசையில் பெயர்ப் பட்டியலை விரித்துவைத்து, ஐசியை வாங்கி, முகத்தைப் பார்த்து, சரி போடுவார். இரண்டு அணியும் வரிசையில் நின்றது. நல்லரத்தினம் டின்னைத் திறந்தார். ஒவ்வொரு அட்டையாக எடுத்து, பார்க்காமலே நீட்டினார். பழகிய கை.

"ஏழு, ஜெயந்தன். சரி. எட்டு. சரி. ஒன்பது, நிலோஜன். சரி. பத்து, லக்ஷன்."

நல்லரத்தினத்தின் கை டின்னுக்குள் போய் நின்றது. வெளியே வந்தபோது அதில் நாலாக மடித்த ஒற்றை இருந்தது. மனிதரின் முகம் சுண்ணாம்பு நிறத்துக்குப் போனது.

"என்ன அண்ணன் அது? ஐசி எங்க?"

"இல்ல... விடுபட்டுப் போச்சு போல. வீட்ட கிடக்கும்."

"என்னட்ட இருக்கு" என்றாள் புஸ்பம்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். அவள் கைப்பையிலிருந்து ஐசியை எடுத்து, பிடித்துக்கொண்டே நின்றாள்.

வினாயகமூர்த்தி எழும்பி வந்தார். "புஸ்பம், என்ன விளையாட்டு இது? ஐசியைக் குடு."

"தாறன் அண்ணன். உங்கட மச்சான்ட கையில ஒரு கடிதம் இருக்கு. முழுக்க வாசிக்கத் தேவையில்ல, அது அந்தப் பிள்ளைட மானம். மூலையில அவர் எழுதினத மட்டும் வாசிக்கச் சொல்லுங்க."

"ஆவணியில கல்யாணம் எண்டத மறந்துபோட்டு நிக்காத."

"அதாலதான் வந்து நிக்கிறன்."

நல்லரத்தினம் மனைவியைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். மகள் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய உதடு அசைந்தது.

"கிடைத்தது. இருபத்தேழு, மூன்று."

"கேக்கல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டத்தில் கூடாது என்ற நாலு பேரில் ஒருவராக இருக்க வேண்டும்.

"கிடைத்தது" என்றார் மறுபடியும், தபால் கந்தோரில் பேசுகிற குரலில். "இருபத்தேழு, மூன்று."

"எழுத்தில ஒண்டும் வரல்ல எண்டு சொன்னீங்களே, அண்ணன்" என்றது அதே குரல். நல்லரத்தினம் மகள் பக்கம் திரும்பினார்.

"பொய்யா இருக்கும் எண்டு நினைச்சன் மகள்" என்றார் கம்சாயினியிடம்.

"பொய்யெண்டா ஏன் அப்பா ஒளிச்சு வச்சீங்க?"

லக்ஷன் வரிசையை விட்டு முன்னால் வந்தான். காலையில் இருந்த சிரிப்பு இல்லை. "மாமி, ஐசியைத் தாங்க. கோட்டு இன்னும் தீர்ப்புச் சொல்லல்ல. என்னைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்ல."

"ஓம் மகன், கோட்டு சொல்லல்ல. சொல்லட்டும், இருந்து பாப்பம்." புஸ்பம் ஐசியை விடவில்லை. "ஆனா அந்தப் பிள்ளைகள ஏப்ரலிலயே விளையாட்டில இருந்து நிப்பாட்டிப் போட்டீங்க. என்ட பெட்டிக்குள்ள அதுகள்ட ஜேர்சி மக்குது. அதுக்கு எந்தக் கோட்டு தீர்ப்புச் சொன்னது?"

குருக்கள்மடத்துப் பொடியன்கள்கூட நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நௌஷாட் மணிக்கூட்டைப் பார்த்தார். "நல்லரத்தினம் அண்ணன், ஆரு நல்லவன் ஆரு கெட்டவன் எண்டு பாக்கிறது என்ட வேல இல்ல. எனக்கு ஐசியும் பேரும்தான். பத்தாம் நம்பர் விளையாடுறானா, பேர வெட்டுறதா? செயலாளர் நீங்கதான் செல்லோணும்."

"விளையாடுவான்" என்றார் வினாயகமூர்த்தி.

"நான் செயலாளர்ட்ட கேட்டன்."

புஸ்பம் ஐசியை மேசையில் வைத்தாள். பட்டியலுக்குப் பக்கத்தில், அவருடைய கைக்கு எட்டுகிற தூரத்தில். "எடுத்துக் குடுக்கிறதெண்டா குடுங்க" என்றாள். "நான் தடுக்கல்ல. ஆனா இண்டைக்கு ராவு நீங்க படுக்க வாற வீடு என்ட வீடு. அதையும் யோசிச்சுக் குடுங்க."

நல்லரத்தினம் ஐசியைப் பார்த்தார். கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டியலில் பத்தாம் இலக்கத்துக்கு மேல் ஒரு கோடு இழுத்தார். இழுத்துவிட்டு, வலது மூலையில் அன்றைய திகதியை எழுதி, சின்னக் கையெழுத்தும் வைத்தார். பழக்கம்.

புஸ்பத்துக்கு ஒரு கணம் மனம் இளகியது. இளகியதை நினைத்துத் தன்மேலேயே கோபம் வந்தது. ஒரு கோடு இழுத்தால் மூன்று கிழமை திரும்பி வராது.

அவள் ஐசியை எடுத்து லக்ஷனின் கையில் வைத்தாள். "பத்திரமா வச்சுக்கொள் மகன். கோட்டுக்குக் கொண்டு போகோணும்."

வினாயகமூர்த்தி நாற்காலியை உதைத்துவிட்டுப் போனார். சனம் மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கியது. நௌஷாட் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார். விளையாட்டு எப்படியும் நடக்கும், விளையாட்டு நிற்பதில்லை.

கம்சாயினி மட்டும் மேசையை விட்டு அசையவில்லை.

"அப்பா, ஒண்டு கேக்கிறன். மச்சானுக்கு இந்தக் கடிதத்த நீங்களா காட்டினீங்க?"

"இல்ல." நல்லரத்தினத்தின் கண் கலங்கியிருந்தது. "அது மட்டும் இல்ல மகள். நான் ஒருத்தருக்கும் காட்டல்ல. அந்தப் பிள்ளைக்கு ஏதும் செஞ்சுபோடுவாங்க எண்டு பயந்துதான் டின்னுக்க வச்சநான்."

"அப்ப இந்த டின்ன உங்களத் தவிர ஆர் திறக்கிறது?"

அவருடைய பார்வை மெதுவாக வரிசைப் பக்கம் திரும்பியது. புஸ்பத்தின் பார்வையும் அதன் பின்னால் போனது.

மார்ச் கடைசியிலிருந்து எத்தனை போட்டி. ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் அந்த டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தவளே அவள்தானே.

கையில் கப்டன் பட்டியோடு ஏழாம் இலக்கம் குனிந்து நின்றது. இறுக்கமாகக் கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தது.

கம்சாயினி அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, நீ எண்டைக்கு அத வாசிச்சாய்? திகதியச் சொல்லு."

ஜெயந்தன் நிமிரவில்லை.